மாரெங்கோ கவுண்டியில் குடியேறியவர்கள் உண்மையில் யார்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கலூசாவிலிருந்து டெமோபோலிஸ் போனபோது ‘மாரெங்கோ கவுண்டி’ (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) என்ற பலகையைப் பார்த்ததாகவும், உடன் வேலை செய்பவர் “நெப்போலியனின் படைவீரர்கள் வந்து குடியேறிய இடம் இது” என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையா, உண்மை என்றால் இன்று அங்கே பிரெஞ்சு பேசும் ஒரு குடும்பம்கூடக் கண்ணில் படாதது ஏன் என்பது உங்கள் கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த இடத்துக்குப் பெயர் எப்படி வந்தது என்பது ஒன்று. அந்த மண்ணில் காடு திருத்தி, வீடு கட்டி, தலைமுறையாகத் தங்கியவர்கள் யார் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பிரெஞ்சுக்காரர்களை வைத்துப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு அவர்கள் போதமாட்டார்கள்.

நான் படித்ததும் வேலை பார்த்ததும் அமெரிக்கத் தென்மாநிலங்களின் நில ஆவணங்களோடு. கூட்டாட்சி அரசு கொடுத்த பட்டாக்கள், கவுண்டி அலுவலகக் கிரயப் பதிவேடுகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கையெழுத்துப் பக்கங்கள் என்று பல வருடங்கள் போயிருக்கின்றன. அதனால் ஊர்ப் பெருமைக் கதையைக் கேட்டதும் “பத்திரம் எங்கே?” என்று தேடும் புத்தி ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான சாக்டா மக்களின் மொழி எனக்குத் தெரியாது. அந்த மக்களின் தரப்பை, அவர்களிடமிருந்து நிலம் வாங்கிய அதிகாரிகள் எழுதி வைத்த தாள்களின் வழியாகத்தான் படித்திருக்கிறேன். கீழே அவர்களைப் பற்றிச் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிலம். டாம்பிக்பி ஆறும் பிளாக் வாரியர் ஆறும் டெமோபோலிஸுக்குச் சற்று மேலே கூடுகின்றன. அங்கே ஆற்றங்கரையில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்கும். பிளாக் வாரியர் வழியே வடக்கே போனால் மவுண்ட்வில் இருக்கிறது. கி.பி. 1000 முதல் 1450 வரை செழித்திருந்த, பெரிய மண்மேடுகள் கொண்ட நகரம் அது. 1540 அக்டோபரில் ஸ்பானியத் தளபதி டி சோட்டோவும் டஸ்கலூசா என்ற தலைவரும் மோதிய மபிலா என்ற ஊர் எங்கே இருந்தது என்பது இன்னும் வழக்காகவே இருக்கிறது. மாரெங்கோ பகுதியையும் சொல்கிறார்கள், வேறு இடங்களையும் சொல்கிறார்கள். யாராவது உங்களை அழைத்துப் போய் “இதுதான் மபிலா” என்று காட்டினால் சிரித்துவிட்டு வாருங்கள், தலையாட்டிவிடாதீர்கள். 1700-களில் அது ஆற்றுக்கு மேற்கே இருந்த சாக்டா மக்களுக்கும் கிழக்கே இருந்த கிரீக் மக்களுக்கும் இடைப்பட்ட எல்லைக்காடு. இரு தரப்பும் வேட்டைக்கு வந்து போன பூமி.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பக்கம் இரண்டு முறை வந்தார்கள், இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. முதல் முறை துறைமுக ஊரான மொபீலில் காலூன்றிய லூசியானா காலனிக்காரர்கள். டாம்பிக்பி ஆற்றின் மேல்பகுதியில் 1736-ல் அவர்கள் கட்டிய டோம்பெக்பே கோட்டை இன்றைய சம்டர் கவுண்டியில் இருக்கிறது. 1763-ல் பாரிஸ் உடன்படிக்கையோடு அந்த ஆட்சி முடிந்துவிட்டது. உங்கள் நண்பர் சொன்னது இரண்டாவது கூட்டத்தை. அவர்கள் வந்தபோது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டிருந்தது, கொடியும் மாறிவிட்டிருந்தது.

அவர்கள் வருவதற்கு நிலம் காலியாக வேண்டுமே. அது 1816 அக்டோபர் 24 அன்று செயின்ட் ஸ்டீபன்ஸ் கோட்டையில் நடந்தது. டாம்பிக்பிக்குக் கிழக்கே தங்களுக்கு இருந்த உரிமையைச் சாக்டா தலைவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். விலை, ஆண்டுக்கு 6,000 டாலர் வீதம் இருபது ஆண்டுகளுக்கும், அதோடு 10,000 டாலர் மதிப்புள்ள சரக்குகளும். கையெழுத்திட்டவர்களில் புஷ்மடஹா ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன் நடந்த கிரீக் போரில் இவர் தன் ஆட்களோடு அமெரிக்கர் பக்கம் நின்றவர். அந்தப் போரின் முடிவில், 1814-ல், கிரீக் மக்களிடமிருந்து சுமார் 2 கோடியே 30 லட்சம் ஏக்கர் பிடுங்கப்பட்டது. பகைவனிடம் பிடுங்கினார்கள், நண்பனிடம் பத்திரம் எழுதி வாங்கினார்கள். வேறுபாடு அவ்வளவுதான். ஒப்பந்தத்தின் தேதியும் தொகையும் உறுதியானவை. சாக்டா தலைவர்கள் ஒவ்வொருவரும் எதை நினைத்துச் சம்மதித்தார்கள் என்பதில் நாம் சொல்வதெல்லாம் ஊகம். வணிகச் சாவடிகளில் ஏறியிருந்த கடன் ஒரு காரணம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், எனக்கும் அது ஏற்புடையதே.

அடுத்த ஆண்டு, 1817 மார்ச் 3. அமெரிக்க அதிபர் மேடிசனின் கடைசி நாள். அன்றைக்கு நாடாளுமன்றம் அவசர அவசரமாக நிறைவேற்றிய சட்டங்களில் ஒன்று அலபாமா பிரதேசத்தை மிசிசிப்பியிலிருந்து பிரித்தது. இன்னொன்று, பிலடெல்பியாவில் கூடியிருந்த பிரெஞ்சு அகதிகளுக்கு அந்தப் புது நிலத்தில் நான்கு டவுன்ஷிப்புகளை ஒதுக்கியது. ஒரு டவுன்ஷிப் என்பது 36 சதுர மைல், அதாவது 23,040 ஏக்கர். நான்கும் சேர்ந்து 92,160 ஏக்கர். இலவசமில்லை. ஏக்கருக்கு 2 டாலர், கட்டப் பதினான்கு ஆண்டு தவணை. திராட்சைக் கொடியும் ஒலிவ மரமும் நட்டு வளர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால்தான் ‘திராட்சை ஒலிவக் காலனி’ என்ற பெயர். வாட்டர்லூவில் தோற்ற நெப்போலியன் செயின்ட் ஹெலினாவில் சிறைப்பட்டிருந்த நேரம். அவருடைய தளபதிகள் சிலர் தண்டனைக்குத் தப்பி அமெரிக்கா வந்திருந்தார்கள். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்பது அமெரிக்க அரசியல்வாதிகளுக்கும் பிடித்திருந்தது. ஸ்பெயினின் ஃபுளோரிடாவுக்குப் பக்கத்தில் போர் தெரிந்த ஆட்கள் குடியிருப்பதில் வாஷிங்டனுக்கு ஒரு கணக்கு இருந்தது என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். நம்பத்தக்க விளக்கம்தான், ஆனால் சட்டத்தின் வாசகத்தில் அப்படி எதுவும் கிடையாது.

அந்த நிலத்தில் பங்கு ஒதுக்கப்பட்டவர்களின் பட்டியலைப் பார்த்தால் கதை ஆட்டம் காண்கிறது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களில் நெப்போலியனின் அதிகாரிகள் சிறுபான்மை. பெரும்பாலோர் வணிகர்களும் கைவினைஞர்களும். அவர்களிலும் கணிசமானவர்கள் பிரான்சிலிருந்து நேராக வந்தவர்களே இல்லை. இன்று ஹைட்டி என்று நாம் சொல்லும் செயின்ட் டொமிங்கில் 1791-ல் அடிமைகளின் புரட்சி வெடித்தபோது தப்பி ஓடி, பிலடெல்பியாவில் பல ஆண்டுகளாகக் குடியிருந்தவர்கள். இதை ஆவணங்களோடு நிறுவியவர் ரேஃப் ப்ளாஃபார்ப் என்ற வரலாற்றாசிரியர். கரும்புத் தோட்டங்களையும் அடிமைகளையும் இழந்து வந்த அந்தக் குடும்பங்களில் சில, அலபாமாவில் மறுபடியும் அடிமைகளை வைத்துக்கொண்டன. காலனியின் காதல் கதையில் இந்தப் பகுதி எப்போதும் விடுபட்டுவிடும்.

முன்னணிக் கூட்டம் 1817 கோடையில் மொபீலில் இறங்கி, ஆற்றின் வழியே மேலேறி, அந்த வெள்ளைக் கரையில் முகாம் போட்டது. மரக்குடிசைகள் எழுந்தன. டெமோபோலிஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அரசின் நில அளவையர்கள் சங்கிலியோடு வந்து கோடு போட்டபோது, அந்தக் குடிசைகள் நின்ற இடம் ஒதுக்கீட்டுக்கு வெளியே இருந்தது தெரியவந்தது. அளக்கும் முன்னே குடியேறியதன் விளைவு. திருத்திய நிலத்தை விட்டுவிட்டு, ஒரு மைல் தொலைவில் ஏக்ல்வில் என்ற இன்னொரு ஊரைத் தொடங்கினார்கள். நெப்போலியனின் கழுகுச் சின்னத்தை நினைவில் வைத்த பெயர் அது. இன்று ஏக்ல்வில் இல்லை. விட்டுப்போன டெமோபோலிஸோ நிற்கிறது, ஏனென்றால் 1819-ல் அந்த இடத்தை வாங்கி மனை பிரித்து விற்ற குழுமத்தில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். அதில் முக்கியமானவர் ஜார்ஜ் ஸ்ட்ரோதர் கெய்ன்ஸ். சாக்டா மக்களோடு வியாபாரம் செய்ய அரசு நடத்திய சாவடியின் பொறுப்பாளராக இருந்தவர். ஆற்றின் வளைவுகள் முதல் அதிகாரிகளின் வளைவுகள் வரை தெரிந்த மனிதர். பிரெஞ்சுக்காரர்கள் வெள்ளைக் கரையில் இறங்கியதற்கே அவருடைய ஆலோசனைதான் காரணம் என்று பழைய நூல்கள் சொல்கின்றன.

தளபதிகளின் கதை சுருக்கமானது. லெஃபெவ்ர் டெனூவெட் ஒருவர்தான் பெரிய பெயர்களில் உண்மையாகவே அங்கே தங்கி நிலத்தைத் திருத்திப் பார்த்தவர். தன் மரவீட்டின் பக்கத்தில் ஒரு குடிசையில் நெப்போலியனின் வெண்கலச் சிலையை வைத்திருந்தார் என்பது நீண்டகாலமாகச் சொல்லப்படும் செய்தி. 1822 ஏப்ரலில் ஐரோப்பாவுக்குத் திரும்பும் வழியில் ஆல்பியன் என்ற கப்பல் அயர்லாந்துக் கரையில் மோதி உடைந்து இறந்துபோனார். சார்ல்ஸ் லாலெமான் காலனியின் தலைவராக இருந்தவர். டெக்சாஸில் வேறொரு முகாம் போடும் ஆசையில் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த முயற்சி 1818-க்குள்ளேயே கலைந்தது. கிளோசல் மொபீல் பக்கத்திலேயே தங்கிவிட்டு, பின்னாளில் பிரான்சுக்குத் திரும்பி மார்ஷல் ஆனார். வாட்டர்லூ புகழ், அல்லது அவப்பெயர், கொண்ட க்ரூஷி பட்டியலில் மட்டும்தான் இருந்தார். நிலத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

திராட்சை ஏன் வரவில்லை என்று கேட்டால், சோம்பேறிச் சீமான்கள் பட்டாடையோடு உழப் போனார்கள் என்று ஒரு கேலிக்கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒலிவக் கன்றுகளை அந்த ஊரின் குளிர்காலப் பனி கருக்கிவிடும். கப்பலில் வந்த கொடிகளில் பல வழியிலேயே பட்டுப்போயின. பிழைத்தவை அலபாமாவின் புழுக்கத்தைத் தாங்கவில்லை. ஐரோப்பியத் திராட்சையை அந்த வட்டாரத்தில் காலி செய்யும் பியர்ஸ் நோய் என்ற ஒன்று இருப்பதை நாம் இன்று அறிவோம். அன்று யாருக்கும் தெரியாது. எவ்வளவு கெட்டிக்கார விவசாயியாக இருந்தாலும் தோற்றிருப்பார். நோய் ஒருபுறம் இருக்க, பங்குகள் கைமாறியது இன்னொருபுறம். பிலடெல்பியாவில் இருந்தபடியே பலர் தங்கள் பங்கை விற்றுக் காசாக்கினார்கள். சிலர் கையில் நிறையப் பங்குகள் சேர்ந்தன. பின்னர் அரசு நிபந்தனைகளைத் தளர்த்தியது, அதற்குள் அந்த மண்ணின் மதிப்பு திராட்சையால் கணக்கிடப்படவில்லை.

இனி பெயர். பிரதேச சட்டமன்றம் 1818 பிப்ரவரியில் இந்தக் கவுண்டியை உருவாக்கியது. இத்தாலியில் 1800 ஜூன் 14 அன்று நெப்போலியன் ஆஸ்திரியர்களை வென்ற மாரெங்கோ போர்க்களத்தின் பெயரை முன்மொழிந்தவர் ஆப்னர் லிப்ஸ்கம் என்ற அமெரிக்க நீதிபதி என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. ஆக, வந்த விருந்தாளிகளைப் பாராட்டி ஊர்க்காரர் வைத்த பெயர் அது. தலைநகர் லிண்டன், ஹோஹென்லிண்டன் என்ற இன்னொரு வெற்றியின் சுருக்கம். அந்தப் போரை வென்றவர் நெப்போலியன் அல்ல, மொரோ. பின்னாளில் நெப்போலியனால் நாடு கடத்தப்பட்டு, இதே அமெரிக்காவில் பல ஆண்டுகள் இருந்தவர். நெப்போலியனின் பக்தர்களுக்காக ஊருக்கு அவருடைய போட்டியாளரின் வெற்றியைப் பெயராக வைத்திருக்கிறார்கள்! யாரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பெயர்ப்பலகையை வைத்துக் குடியேற்ற வரலாறு எழுதக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வதற்கு இந்தக் கவுண்டி ஒன்றே போதும்.

அப்படியானால் குடியேறியவர்கள் யார்? வர்ஜீனியா, இரண்டு கரோலினாக்கள், ஜார்ஜியா, டென்னசி ஆகிய பழைய மாநிலங்களிலிருந்து வந்த வெள்ளையரும், அவர்கள் ஓட்டிக்கொண்டு வந்த கறுப்பின அடிமைகளும். பிரிட்டனோடு நடந்த 1812 போர் முடிந்ததும் பருத்தி விலை ஏறியது. புகையிலையாலும் பருத்தியாலும் சத்துப்போன கிழக்கு நிலங்களை விட்டுவிட்டு அலபாமாவுக்குக் கூட்டம் கிளம்பியது. ‘அலபாமா காய்ச்சல்’ என்றே அப்போது அதைச் சொன்னார்கள். அளவை முடியும் முன்பே வந்து குடிசை போட்டவர்கள் உண்டு, ஏலத்தில் கூட்டாகச் சேர்ந்து நிலம் வாங்கியவர்கள் உண்டு. 1819-ல் பருத்தி விலை சரிந்து பலர் கடனில் மூழ்கினார்கள். அடுத்த ஆண்டுச் சட்டம் கடன் முறையையே ஒழித்து, ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர் ரொக்கம் என்று குறைந்தபட்ச விலையைக் கீழே கொண்டுவந்தது.

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று கேட்பீர்கள். 1850 கணக்கெடுப்பில்தான் முதல்முறையாக, அடிமையல்லாத ஒவ்வொருவரின் பிறந்த மாநிலமும் எழுதப்பட்டது. ஒரே வீட்டில் தகப்பன் வர்ஜீனியா, மூத்த மகன் வட கரோலினா, நடுப்பிள்ளை ஜார்ஜியா, கடைக்குட்டி அலபாமா என்று இருந்தால், அந்தக் குடும்பம் வந்த பாதையும் ஏறக்குறைய வந்த ஆண்டும் பிள்ளைகளின் வயதிலேயே கிடைத்துவிடும். என் தொழிலில் இதைவிட மகிழ்ச்சி தரும் வேலை கிடையாது. ஆனால் ஓட்டை உண்டு. 1820-களில் வந்து, 1850-க்குள் மிசிசிப்பிக்கோ டெக்சாஸுக்கோ நகர்ந்துவிட்டவர்கள் இந்தச் சல்லடையில் விழுந்துவிடுவார்கள். அப்படி நகர்ந்தவர்கள் நிறைய.

கவுண்டியின் வடபகுதியை ‘கேன்பிரேக்’ என்பார்கள். மூங்கில் இனத்தைச் சேர்ந்த நாணல் ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து கிடந்த பூமி. அடியில் சுண்ணாம்புப் பாறை, மேலே கறுப்பு மண். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல. வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் காலையும் வண்டியையும் கவ்வும். ஆரம்பத்தில் வந்தவர்கள் இந்த மண்ணைத் தவிர்த்துவிட்டு ஆற்றோரத்து வண்டலையும் மணற்பாங்கான மேட்டையும்தான் பிடித்தார்கள். கரிசலில் குடிநீர் கிடைக்கவில்லை, அன்றைய ஏரும் இறங்கவில்லை. சுண்ணாம்புப் பாறையைத் துளைத்து ஆழ்துளைக் கிணறு போடக் கற்றுக்கொண்ட பிறகுதான் கரிசலின் மவுசு தெரிந்தது. பிறகு பருத்தி, பருத்தி, பருத்தி. ஆற்றின் வழியே மொபீல் துறைமுகத்துக்கு.

எண்கள் இதைச் சொல்லும். 1820-ல் கவுண்டியின் மக்கள்தொகை 3,000-க்குச் சற்றுக் குறைவு. 1830-ல் சுமார் 7,700. 1860-ல் 31,171. அந்த 31,171 பேரில் 24,409 பேர் அடிமைகள், நூற்றுக்கு எழுபத்தெட்டு. உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் இந்த ஒரு வரியில் இருக்கிறது. மாரெங்கோ கவுண்டியைக் காடு வெட்டி, நாணல் எரித்து, உழுது, மாளிகை கட்டி உருவாக்கியவர்களில் முக்கால் பங்குக்கு மேல் ஆப்பிரிக்க வம்சாவளியினர். அவர்கள் விரும்பிக் குடியேறியவர்கள் இல்லை. எசமானோடு சேர்த்துக் கூட்டி வரப்பட்டவர்கள் ஒரு பகுதி. வர்ஜீனியா, மேரிலாண்ட் பக்கம் வியாபாரிகளால் வாங்கப்பட்டு, தாய் ஒரு பக்கம் பிள்ளை ஒரு பக்கமாக விற்கப்பட்டு வந்தவர்கள் ஒரு பகுதி. இந்தக் கவுண்டியில் எவர் எந்த வழியில் வந்தார் என்பதை விகிதமாகப் பிரித்துச் சொல்ல ஆவணம் இடம் தருவதில்லை. காரணம் எளிது. 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியலில் உடைமையாளரின் பெயர் இருக்கும், அடிமையின் வயது, பால், நிறம் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. 1870-ல்தான் அவர்கள் பெயரோடு எழுதப்படுகிறார்கள். அந்த ஆண்டுப் பக்கங்களில் முதியவர்களின் பிறந்த மாநிலத்தைப் பார்த்தால் வர்ஜீனியாவும் கரோலினாவும் வரிசையாக வரும்.

இவ்வளவு பேரைத் தள்ளிவிட்டு ஒரு சின்னப் பிரெஞ்சுக் கூட்டம் மட்டும் நினைவில் நின்றது எப்படி? 1851-லேயே ஆல்பர்ட் பிக்கெட் அலபாமா வரலாற்றை எழுதும்போது இந்தக் காலனிக்குத் தனி இடம் கொடுத்துவிட்டார். அவர் பழையவர்களிடம் கேட்டு எழுதியவர், ஆகவே மதிப்புள்ள சாட்சி. ஆனால் சீமாட்டிகள் பட்டுடையில் பால் கறந்த கதைகள் வளர்ந்ததெல்லாம் இப்படிப்பட்ட நினைவுகளிலிருந்துதான். பிரான்சில் ஏக்ல்வில் மாளிகைகள் நிறைந்த நகரம்போல வரைந்து சுவர்த்தாளில்கூட அச்சடித்தார்கள். அங்கே இருந்தது மரக்குடிசைகள். 1949-ல் ஜான் வெய்ன் நடித்த ஒரு படம் மீதியைப் பார்த்துக்கொண்டது. தோற்ற தளபதிகளின் கதை கேட்பவருக்கும் சொல்பவருக்கும் சுகமாக இருக்கிறது. யாருக்கும் சங்கடம் இல்லை.

கடைசியாக, அந்தப் பிரெஞ்சுக்காரர்கள் எங்கே போனார்கள் என்றீர்களே. சிலர் பிரான்சுக்கு, மன்னிப்புக் கிடைத்ததும். சிலர் நியூ ஆர்லியன்ஸுக்கும் மொபீலுக்கும், பிரெஞ்சு பேசி வியாபாரம் செய்யக்கூடிய நகரங்கள் என்பதால். பிலடெல்பியாவில் பிரெஞ்சுப் பத்திரிகை நடத்திய சிமோன் ஷோட்ரோன் என்ற பெரியவர் காலனிக்கு வந்து, பிறகு மொபீல் போய்ச் சேர்ந்தார். தங்கிவிட்ட சில குடும்பங்கள் பக்கத்து வீட்டாரோடு சம்பந்தம் செய்து, ஆங்கிலம் பேசி, பருத்தி போட்டு அடையாளம் கரைந்து போயின. “என் முப்பாட்டன் நெப்போலியனின் அதிகாரி” என்று அங்கே யாராவது சொன்னால் பொய் என்று ஒதுக்க வேண்டாம், உண்மையாகவும் இருக்கலாம். குடும்பக் கதையோடு பங்குப் பட்டியலில் பெயரும், கவுண்டியில் ஒரு கிரயப் பத்திரமும் இருந்தால் நான் நம்புவேன்.

மறுபடி அந்தப் பக்கம் போனால் டெமோபோலிஸில் 1832-ல் கட்டிய பிளஃப் ஹால் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது. கெய்ன்ஸிடமிருந்து நிலம் வாங்கி, வட கரோலினாவிலிருந்து வந்த விட்ஃபீல்ட் என்ற தோட்ட முதலாளி கட்டிய கெய்ன்ஸ்வுட் மாளிகையும் அங்கேதான் இருக்கிறது. இரண்டிலும் வழிகாட்டியிடம் கட்டிய அடிமைகளைப் பற்றிக் கேளுங்கள், கைவினைஞர்களாக இருந்தவர்களைப் பற்றிச் சில விவரங்கள் கிடைக்கும். பிரெஞ்சு ஒதுக்கீட்டின் ஒரு பகுதி இன்று மாரெங்கோவில் இல்லை என்பதையும் கவனியுங்கள். 1867-ல் ஹேல் கவுண்டியைப் பிரித்தபோது அந்தப் பக்கம் போய்விட்டது. ஆகவே பழைய பத்திரம் தேடுகிறவர்கள் லிண்டன் நீதிமன்றத்தோடு ஹேல் கவுண்டியின் தலைநகரான கிரீன்ஸ்பரோவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூட்டாட்சி நிலப் பட்டாக்களை வீட்டிலிருந்தே இணையத்தில் இலவசமாகத் தேடலாம், மாநிலத்தையும் கவுண்டியையும் கொடுத்தால் போதும்.